தொடங்கியவர்கள் எத்தனை பேர்?

நேற்றைய சண்டையைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். தம்பதிகளுக்கான அந்த ஆன்லைன் பயிற்சியைப் பற்றிய பதிவில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. முடித்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் திருப்தி என்று போட்டிருந்தீர்கள். சரி, தொடங்கியவர்கள் எத்தனை பேர்? அதற்குப் பதில் வரவில்லை. "வாழத் தெரியாதவங்களுக்கு வாழறவங்களப் பாத்தா வயித்தெரிச்சல்" என்று வந்தது. அதற்கு லைக் போட்டவர்களில் என்னோடு பல வருஷம் பழகியவர்களும் இருந்தார்கள்.

ராத்திரி தூக்கமில்லை. அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

பாதியில் விட்டவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். சண்டை முற்றியவர்கள், ஒருத்தர் மட்டும் மற்றவரை இழுத்து வந்து உட்கார வைத்தவர்கள், நடுவிலேயே பிரிந்துபோனவர்கள். கடைசி வீடியோவைத் தாண்டியவர்களிடம் மட்டும் "பயனுள்ளதாக இருந்ததா?" என்று கேட்டால் இவர்கள் யாரும் கணக்கில் வரமாட்டார்கள். முடித்தவர்கள் சொல்வதும் முழு ஆதாரமில்லை. உறவு மிக மோசமாக இருக்கும் நேரத்தில்தான் ஜனங்கள் இப்படிப் பயிற்சிகளைத் தேடுகிறார்கள். இரண்டு மாதம் போனால் சிலருக்கு எதுவும் செய்யாமலேயே கொஞ்சம் தணிந்துவிடும். பயிற்சி எடுக்காத ஜோடிகளோடு ஒப்பிட்டால்தான் பயிற்சியால் எவ்வளவு, காலத்தால் எவ்வளவு என்று தெரியும்.

நான் நடக்காததைக் கேட்கவில்லை. பிரையன் டாஸ், ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் ஆகியோர் உருவாக்கிய 'அவர்ரிலேஷன்ஷிப்' என்ற ஆன்லைன் பயிற்சியை 2016இல் இப்படித்தான் சோதித்து வெளியிட்டார்கள். 300 ஜோடிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு உடனே பயிற்சி, மீதிப் பேர் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். நடுவில் விட்டவர்களையும் கணக்கிலிருந்து தூக்கவில்லை. அப்படிப் பார்த்தும் நல்ல பலன் தெரிந்தது. சோதித்தவர்களில் உருவாக்கியவர்களும் உண்டு, அந்தக் குறை இருக்கிறது. ஆனாலும் மறைக்காமல் எண்ணினார்கள். இன்னொன்று: அதில் வெறும் வீடியோ மட்டும் இல்லை. ஒரு மனிதர் சுமார் கால் மணி நேரம் வீதம் நான்கு தடவை கூப்பிட்டுப் பேசுவார்.

எங்களை யாரும் கூப்பிடவில்லை.

ஆமாம், நானும் அவரும் ஒரு பயிற்சியில் சேர்ந்தோம். வேறு பயிற்சி, பெயர் வேண்டாம். மூன்றாவது பாடத்தில் ஒருத்தர் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் சொன்னேன்: "நீங்க வீட்டுக்கு வர்ற சத்தம் கேட்டாலே நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிக்க ஆரம்பிச்சிடறேன்." அவர் ஒரு எழுத்துப் பிசகாமல், பாடம் ஒப்பிப்பது மாதிரி, திரையைப் பார்த்துக்கொண்டே திருப்பிச் சொன்னார். சொல்லிவிட்டு 'முடிந்தது' என்ற பொத்தானை அழுத்தினார். பச்சை டிக் விழுந்தது. நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதற்குப் பிறகு நாங்கள் அதைத் திறக்கவில்லை.

"ஒழுங்கா செஞ்சிருந்தா பலன் கெடச்சிருக்கும்" என்று சொல்வீர்கள். பலன் கிடைத்தால் பயிற்சியின் பெருமை, கிடைக்காவிட்டால் எங்கள் குற்றமா? அப்படியென்றால் அந்தப் பயிற்சி எப்போதுதான் தோற்கும்?

"ஆலோசகரிடம் போக எல்லோருக்கும் வசதியில்லையே" என்கிறார்கள். உண்மை, மறுக்கவில்லை.

"செஞ்சா நல்லது, இல்லாட்டி நஷ்டமில்ல" என்பதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. அமெரிக்க அரசு 'பில்டிங் ஸ்ட்ராங் ஃபேமிலீஸ்' என்ற திட்டத்தை நடத்தியது. நேரில் குழுவாக உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். எட்டு இடங்கள், 5,000க்கும் மேற்பட்ட ஜோடிகள். குலுக்கலில் இடம் கிடைத்த ஜோடிகளில் 55 சதவீதம்தான் ஒரு வகுப்புக்காவது வந்தார்கள். வராதவர்களையும் சேர்த்தே எண்ணினார்கள். 2010இல் வந்த அறிக்கையில், மொத்தமாகப் பார்த்தால் உறவின் தரத்தில் மாற்றமில்லை. அந்த எட்டில் ஒன்றான பால்டிமோரில் இடம் கிடைத்த ஜோடிகள் கிடைக்காதவர்களைவிட அதிகம் பிரிந்தார்கள், துணையிடம் கடுமையாக அடி வாங்கியதாகச் சொன்ன பெண்களும் அவர்களில்தான் அதிகம். பிந்தைய அறிக்கையில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அடி வாங்கிய அந்த மாதங்களை யார் திருப்பித் தருவார்கள்?

எங்கள் பயிற்சியில் ஒரே லாகின், ஒரே திரை, பக்கத்தில் அவர். "உங்கள் துணையிடம் பயம் உண்டா?" என்ற கேள்வி வருகிறது. எந்தப் பெண் 'ஆம்' என்று அழுத்துவாள்? தனித்தனியாகக் கேட்க வேண்டும், முதல் நாளே கேட்க வேண்டும். பயம் இருக்கிறது என்று ஒருத்தி சொன்னால் அவளை அடுத்த வீடியோவுக்கு அனுப்பக் கூடாது. நான் 'இல்லை' என்றுதான் அழுத்தினேன். அவர் கை ஓங்கியவர் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி திரையில் வந்ததும் நான் முதலில் பார்த்தது அவர் முகத்தை.

பிரிந்து வந்த பிறகும் பல மாதம் அந்தப் பயிற்சியிலிருந்து மெயில் வந்துகொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துப் போட்டு, "நீங்கள் பாதி வழி வந்துவிட்டீர்கள், தொடருங்கள்!" ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு மெயிலில்கூடக் கேட்கவில்லை.

எனக்கு யாரைப் பார்த்தும் வயித்தெரிச்சல் இல்லை. நன்றாக இருப்பவர்கள் நன்றாக இருங்கள். என் கேள்வி நேற்றுக் கேட்ட அதே கேள்விதான்: தொடங்கியவர்கள் எத்தனை பேர்? எண்ணிச் சொல்லுங்கள். எண்ணும்போது எங்களைப் போன்றவர்களையும் சேர்த்து எண்ணுங்கள்.