குப்பைக்கு ஒரு விலை வையுங்கள்

"கடல் எவ்வளவு பெருசு, அது எல்லாத்தையும் தாங்கும்" என்று எங்கள் பக்கம் விவரம் தெரிந்த பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். ராமநாதபுரத்துக் கடலுக்கு இந்தப் பேச்சு பொருந்தவே பொருந்தாது. தொண்டியிலிருந்து மண்டபம் வரைக்கும் நாங்கள் வடகடல் என்று சொல்கிற பாக் விரிகுடா, பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. அகலமான தாம்பாளத்தில் ஊற்றி வைத்த தண்ணீர் மாதிரி. தெற்கே போகலாம் என்றால் பாம்பன் கால்வாயும் ராமர் பால மணல் திட்டுகளும்தான் வழி. அதற்குள் விழுந்தது அவ்வளவு சீக்கிரம் வெளியே போகாது. வாடை அடிக்கிற மாதங்களில் வடகடல் கரையில் ஒதுங்கும், தெற்குக் காற்றான சோளகம் அடிக்கிற மாதங்களில் தென்கடல் என்று நாங்கள் சொல்கிற மன்னார் வளைகுடாக் கரையில் ஒதுங்கும். காற்று மாறினால் குப்பை இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

சந்தேகம் இருப்பவர்கள் கரைவலை இழுக்கும் இடத்தில் போய் நின்று, மீன் சேரும் பை போன்ற மடியை அவிழ்க்கும்போது பாருங்கள். சூடை, காரல், நெத்திலி, அறுந்து வந்த கடல்தாழை. அதோடு பால் கவர், ஷாம்பு பாக்கெட், குழந்தைகளுக்குக் கட்டுகிற டயப்பர், பாட்டில் மூடி, ஒற்றைச் செருப்பு. இவற்றையாவது கையால் எடுத்து எறிந்துவிடலாம். தெர்மாகோல் பெட்டி உடைந்து உதிர்ந்த வெள்ளை உருண்டைகளை என்ன செய்வது? ஈரக் கையில் ஒட்டிக்கொள்ளும், நெத்திலியோடு நெத்திலியாகக் கலந்துவிடும். கருவாட்டுக்குக் காயப்போடும் பெண்கள் வெயிலில் குனிந்து அதை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார்கள். அந்த வேலைக்குக் கூலி கிடையாது. மீனின் வயிற்றுக்குள் போனதை யாரும் பொறுக்கவும் முடியாது.

இதில் கடல் தொழில் செய்கிற எங்கள் பங்கும் உண்டு. பருத்தி நூலில் வலை பின்னிய காலத்தில், அறுந்து போன வலை கொஞ்ச நாளில் கடலிலேயே மக்கிவிடும். நைலானும், தங்கூசி என்கிற பிளாஸ்டிக் நரம்பும் அப்படி இல்லை. பாறையில் மாட்டி அறுந்த வலை, பிடிக்க ஆள் இல்லாமலே வருஷக்கணக்கில் நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே கிடக்கும். பவளப்பாறை மேல் விழுந்தால் வெயில் படாமல் அதையும் மூச்சுத் திணற வைக்கும். என் மதினி கடல்பாசி எடுக்கப் போகிறவர். மரிக்கொழுந்து பாசிக்காகப் பாறை இடுக்கில் கையை விடும்போது வலைதான் முதலில் வருகிறது என்கிறார். "விரல்ல துணியைச் சுத்திக்கிட்டுத்தான் தம்பி முங்குறோம். அந்த நரம்பு துணியையும் சேத்து அறுக்குது." தென்கடல் தீவுகள் பக்கம் நெருங்கினால் இந்தப் பெண்களை விரட்டுகிறார்கள். பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் கண்டிப்பு தேவைதான், ஒத்துக்கொள்கிறேன். அதே கண்டிப்பைக் கரையிலிருந்து போகிற சாக்கடை மேலும் காட்டியிருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

சாக்கடை கண்ணுக்குத் தெரியாத குப்பை என்பதால் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் தென்கடல் பச்சைப் பசேலென்று மாறியதை ஊரே பார்த்தது. பூங்கோரை என்பார்கள். நாக்டிலூகா என்கிற நுண்ணுயிர் கட்டுக்கடங்காமல் பெருகி, தண்ணீரில் இருந்த ஆக்சிஜனைக் குறைத்து, மீன்கள் செத்துக் கரையில் ஒதுங்கின. குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைகளும் அடிபட்டன. அதற்குச் சாக்கடை மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கடல் சூடு, காற்று, நீரோட்டம் எல்லாம் சேர்ந்துதான் இது வரும். ஆனால் கழிவுநீரில் போகிற நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கு உரம். ஆழமில்லாத, சூடேறிய கடலில் தினமும் உரம் கொட்டினால் என்ன ஆகும்? 2010லும் 2016லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. வெளுத்த பவளம் மறுபடி தேற வேண்டுமென்றால் அதற்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும்.

அப்புறம் ராமேஸ்வரம். அக்னி தீர்த்தத்தில் குளித்தவர்கள் பழைய துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். நம்பிக்கையோடு வருகிறவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. அந்தத் துணி படகின் விசிறியில் சுற்றுகிறது, வலையில் ஏறுகிறது, பாறையில் போர்த்திக்கொள்கிறது. கரையேறும் இடத்திலேயே பெரிய தொட்டிகளை வைத்து, பக்கத்தில் நின்று இந்தியிலும் தெலுங்கிலும் எடுத்துச் சொல்ல ஆள் போட்டால் பாதிக்கு மேல் குறையும் என்று நம்புகிறேன். அரிச்சல்முனை வரை 2017ல் சாலை திறந்த பிறகு தனுஷ்கோடிக்கு வண்டிகள் வரிசை கட்டுகின்றன. கூடவே தண்ணீர் பாட்டிலும் வருகிறது. குடிதண்ணீருக்குத் தள்ளுவண்டியில் குடத்தை வைத்துக்கொண்டு நாங்களே அலைகிற மாவட்டம் இது. வெளியூர்க்காரர் பாட்டில் வாங்காமல் என்ன செய்வார்?

கடற்கரையைச் சுத்தம் செய்ய வரும் கல்லூரிப் பிள்ளைகள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் பொறுக்கி மாளாது. அடுத்த காற்றுக்கு மறுபடி அவ்வளவும் வந்துவிடும். தடை மட்டும் போட்டாலும் போதவில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. தண்ணீர் பாக்கெட் அந்தப் பட்டியலில் இருக்கிறது, தண்ணீர் பாட்டில் இல்லை.

தூக்கிப் போட்டால் நஷ்டம், திருப்பிக் கொடுத்தால் காசு என்று ஆக்க வேண்டும். நடந்து காட்டிய விஷயம்தான் இது. நீலகிரியில் 2022ல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தர ஆரம்பித்தார்கள். பாட்டில்கள் காட்டுக்குப் போகாமல் கடைக்கே திரும்பின. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அந்தத் திட்டம் வந்தது. மது பாட்டிலுக்கு முடிந்தது ராமேஸ்வரம் தீவில் விற்கிற தண்ணீர் பாட்டிலுக்கு ஏன் முடியாது? தீவுக்குப் போக ஒரே சாலைப் பாலம், அதனால் நடைமுறைப்படுத்துவதும் மற்ற ஊரைவிடச் சுலபம்.

மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பதும் புதுசு இல்லை. இறால் பண்ணைகளால் கடற்கரை நிலமும் நிலத்தடி நீரும் கெட்டபோது, சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது. பிளாஸ்டிக் கழிவு விதிகளும் தயாரிக்கிற கம்பெனி தன் கழிவைத் திரும்ப எடுக்கப் பொறுப்பு என்கின்றன. அந்தப் பொறுப்பு எங்கள் கரை வரைக்கும் வந்து சேரவில்லை.

வலைக்கும் இதே வழிதான். கேரளாவில் நீண்டகரைத் துறைமுகத்தில் மீனவர்கள் வலையில் ஏறும் பிளாஸ்டிக்கைக் கரைக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், அதைத் துண்டாக்கிச் சாலை போடப் பயன்படுத்துகிறார்கள். நம் பக்கத்தில் இதைத் தொடங்கத் தோதான காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. கிழிந்த வலையைப் பிரித்துப் பார்ப்பதும், தேறாததை ஒதுக்கிப் போடுவதும் அப்போதுதான். தொண்டி, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி என்று படகு நிற்கிற இடத்துக்கே எடைத் தராசோடு வர வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று காசு அங்கேயே கையில் கிடைக்க வேண்டும். வருமானம் இல்லாத மாதங்கள் அவை. "அப்புறம் வாங்கிக்கங்க" என்றால் யாரும் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள்.

எங்கள் ஊர்ச் சங்கத்தில் இதற்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். மற்ற ஊர்க்காரர்களும் உங்கள் சங்கத்தில் பேசிவிட்டு, பழைய வலை எங்கெங்கே கிடக்கிறது, தோராயமாக எவ்வளவு தேறும் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே மனுவில் சேர்த்துக் கொடுக்கலாம்.