பெயரை ஏன் மறைத்தார்கள்?

அமெரிக்க நிதியாளர் ஜெஃப்ரி எப்ஸ்டீனிடம் பல்கலைக்கழகங்கள் பணம் பெற்றது குறித்த கட்டுரையைப் படித்தேன். நன்கொடை எவரிடமிருந்து வந்தாலும் அது அறிவியலுக்குப் பயன்பட்டால் போதும் என்னும் கட்டுரையாளரின் வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. சிறுமியைப் பாலியல் தொழிலில் ஈடுபடுத்திய குற்றத்தை 2008இல் ஒப்புக்கொண்டு சிறை சென்ற எப்ஸ்டீனிடமிருந்து, அதன் பின்னரும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) 7,50,000 டாலர் பெற்றது. அவர் பெயரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு 2013இல் அதன் மூத்த நிர்வாகிகளே அதற்கு இசைவு தந்தனர். தவறில்லை என்று நம்பியவர்கள் பெயரை ஏன் மறைக்க வேண்டும்?

ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2008க்குப் பின் அவருடைய பணத்தை வாங்கவில்லை என்பது உண்மைதான். ஆயினும், அவர் முன்பு 65 லட்சம் டாலர் கொடுத்திருந்த பரிணாம இயக்கவியல் (உயிர்களின் பரிணாம மாற்றத்தைக் கணித முறையில் ஆராயும் துறை) ஆய்வுத் திட்டத்தில் அவருக்கென ஓர் அறை இருந்ததையும், 2010 முதல் 2018 வரை 40 முறைக்கு மேல் அவர் அங்கு வந்து சென்றதையும் பல்கலைக்கழகத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கையே பதிவுசெய்திருக்கிறது. அறிஞர்கள் அவருக்கு அளித்த அந்த மதிப்பை, அவரால் சீரழிக்கப்பட்ட பெண்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதைக் கட்டுரை ஓரிடத்திலும் கேட்கவில்லை.