விரிசல் தானாக மூடுமா? பரவும் செய்தியும் உண்மையும்

"இந்தத் தாதுப் பொடியைச் சிமென்ட்டில் கலந்தால் போதும், எவ்வளவு பெரிய விரிசலும் தானாக மூடிக்கொள்ளும், இனி பழுதுபார்க்கவே வேண்டாம்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆபத்து.

கான்கிரீட்டுக்குத் தன்னை ஆற்றிக்கொள்ளும் குணம் உண்டு. விரிசலுக்குள் ஈரம் இறங்கினால், வினைபுரியாமல் மிச்சமிருக்கும் சிமென்ட் மறுபடி வினைபுரியும். அதிலுள்ள சுண்ணாம்பு கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படியும். விரிசல் ஓரம் வெள்ளைக் கோடாகத் தெரிவது பெரும்பாலும் இதுதான். படிகமாக்கும் கலவைகள், அதாவது சிமென்ட்டில் சேர்க்கும் இதுபோன்ற பொடிகள், இதற்குக் கைகொடுக்கும், சரி. ஆனால் மூடுவது மயிரிழை விரிசல்கள்தான், பொதுவாக அரை மில்லிமீட்டருக்கும் குறைவானவை. விரல் நுழையும் பிளவு எந்தப் பொடிக்கும் மூடாது.

ஈரமில்லாவிட்டால் ஆறாது. அசைந்துகொண்டே இருக்கும் விரிசலும் ஆறாது. நீர் வேகமாக ஓடினால் படிவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். இதையெல்லாம் அமெரிக்கன் கான்கிரீட் இன்ஸ்டிடியூட்டின் விரிசல் பழுது வழிகாட்டியிலேயே (ஏ.சி.ஐ. 224.1ஆர்) பார்க்கலாம்.

அஸ்திவாரம் இறங்கியோ கம்பி துருப்பிடித்தோ வந்த விரிசலை, பொடியை நம்பி விட்டுவைக்காதீர்கள். கட்டுமானப் பொறியாளரிடம் காட்டுங்கள். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.