அசிஸ்ட் மோட் ஏமாத்தாம்!

சனிக்கிழமை மரியோ வீடியோ கேம் போட்டியில, அசிஸ்ட் மோட் (பழகாதவங்களுக்கு கேமே தர்ற கைத்தாங்கல்) போட்டு முன்னுக்கு வந்த ஏழு வயசுக் குட்டிக்கு எடுத்த நிலா எல்லாம் கணக்குல இல்லாமப் போச்சு. மறுபடி முதல்லேருந்து சொல்லப் பொறுமை இல்ல. ரெண்டு நாளா வாயப் பொத்திக்கிட்டுதான் இருந்தேன். இன்னைக்குக் காலைல "அசிஸ்ட் மோட் போட்டா அது ஏமாத்துதான், இதுக்கு என்ன இவ்வளவு ஒப்பாரி"ன்னு ஒரு அண்ணன் எழுதியிருக்காரு. அதுக்கு மேல முடியல.

ஏமாத்து இல்ல அண்ணே.

சூப்பர் மரியோ ஒடிசி 2017 அக்டோபர் 27ல வந்த கேம், மரியோ ஊர் ஊராப் போய் நிலா தேடிச் சேக்கிறது. புதுசா ஆரம்பிக்கும்போதே சாதாரண மோடா, அசிஸ்ட் மோடான்னு அதுவேதான் கேக்கும். நடுவுல மாத்தணும்னாலும் பிளஸ் பட்டன், ஆப்ஷன்ஸ், அவ்வளவுதான். எவனோ திருட்டுத்தனமா உள்ள நுழைச்ச சீட் கோட் இல்ல. செஞ்சவங்களே வாசல்ல போட்டு வச்ச மணை.

அப்படி என்னதான் தருதுன்னு ஒருதடவ போட்டுப் பாத்துட்டாவது பேசலாம். அடி தாங்குற மூணு உயிர்ப்புள்ளி ஆறாகும். சும்மா நின்னா கொஞ்சங் கொஞ்சமா அது நெறையும். பள்ளத்துல விழுந்தா ஒரு குமிழி தூக்கிக் கரையில விடும். அடுத்து எங்க போகணும்னு நீல அம்புக்குறி காட்டும். அதுவும் கதைப் பாதைக்கு மட்டும். கேம்ல வர்ற மணல் ராஜ்ஜியத்துலேருந்து கப்பல் கெளம்ப 16 நிலா வேணும்; கதைவழிக்கு வெளிய மூலைமுடுக்குல ஒளிச்சு வச்சிருக்கிற மீதி நிலாவுக்கெல்லாம் எந்த அம்புக்குறியும் வராது. மோ-ஐங்கிற நடக்கிற சிலைக்குள்ள புகுந்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஆமை நடை நடந்து கண்ணுக்குத் தெரியாத பாதையத் தேடணும்னா அது உங்களுக்கும் அதேதான், ஏழு வயசுக் குட்டிக்கும் அதேதான்.

தாவல் கஷ்டமும் அப்படியேதான் இருக்கு. ஓடும்போது இசட்-எல் பட்டன் அமுக்கின கையோட பி பட்டன் அமுக்கினாதான் நீளத் தாவல். ஒய்-ய அமுக்கிப் பிடிச்சா மரியோ எறியுற தொப்பி காத்துல சுத்திக்கிட்டு நிக்கும், அது மேல விழுந்தா இன்னொரு துள்ளல். அந்தரத்துல பாயணும்னா இசட்-எல், உடனே ஒய். அந்த ஒய் பிந்திச்சுன்னா மரியோ முன்னால பாயமாட்டாரு, இடியாட்டம் நேரா கீழதான். பிள்ளைங்க பாதிப் பேரு பள்ளத்துல போறது இதனாலதான். அசிஸ்ட் மோட் அந்த ஒய்-ய யாருக்கும் அமுக்கித் தராது.

"எங்க காலத்துல மூணே உயிரு, போனா முதல்லேருந்து"ன்னு மார்தட்டுறவங்களுக்கு ஒரு சேதி. இந்த கேம்ல சாதாரண மோட்லயும் உயிர்க்கணக்கே கிடையாது. செத்தா 10 காசு போகும், பழைய கொடிக்கிட்டேருந்து எந்திரிச்சு வரலாம். மரியோவப் பெத்தவங்களே அந்தக் கணக்கத் தூக்கிப் போட்டுட்டாங்க. நீங்க ஏன் வே இன்னும் அதத் தலையில சுமக்கீங்க?

"வாழ்க்கையில அசிஸ்ட் மோட் உண்டா"ன்னு ஒரு தத்துவம் வேற. உண்டே! 1892ல விவேகானந்தர் கன்னியாகுமரியில அந்தப் பாறைக்கு நீந்திப் போனாருன்னுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கு. நாம டிக்கெட் எடுத்து, லைஃப் ஜாக்கெட் மாட்டி, படகுல போறோம். அங்கேருந்து வள்ளுவர் சிலைக்கு 2024 டிசம்பர்லேருந்து 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் ஆச்சு. அதுல நின்னு செல்ஃபி எடுத்துப் போட்ட அண்ணன், நீந்திப் போகாததுக்கு மன்னிப்புக் கேட்டதா நான் பாக்கல.

சரி, ஒரு கேள்வி நியாயம்தான். போட்டின்னா எல்லாருக்கும் ஒரே நெலம வேண்டாமான்னு கேக்கீங்க. வேணும். அப்ப போட்டி விதித் தாள்ல எழுதியிருக்கணும். "20 நிமிஷம், அதிக நிலா, பெரிய நிலாவுக்கு மூணு" இவ்வளவுதான் அதுல இருந்துச்சு. குட்டி ஏழு நிலா எடுத்து முன்னுக்கு வந்தப்புறம்தான் உங்களுக்கு ஆப்ஷன்ஸத் திறந்து பாக்கணும்னு தோணிச்சு.

ஒரே நெலமன்னு பேச வந்தீங்களே, போட்டிக்கு வச்சிருந்த அந்த டிவியப் பத்தியும் பேசுவோமா? கடையில வச்சிருந்த மாதிரியே 'விவிட்'ங்கிற பளபளப் படத்துல கெடந்துது. டிவிக்குள்ளயே இருக்கிற கேம் மோட் போடலன்னா டிவி படத்த மெழுகிட்டுதான் காட்டும். பட்டன அமுக்கி, மரியோ குதிக்கிறது கண்ணுக்குத் தெரிய ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு வரைக்கும் பிந்தலாம். வெறுமனே நடந்து திரிய அது ஒண்ணும் தெரியாது. நகர ராஜ்ஜியத்துல கயிறு தாண்டும்போது தெரியும். அங்க கயிறு வரவர வேகமாகும், 100 தாண்டணும். பட்டன லேசாத் தட்டணும், அழுத்திப் பிடிச்சா தாவல் உயரமாகி இறங்க நேரமாகும், அடுத்த சுத்து காலத் தட்டிவிடும். டிவியும் பிந்திச்சுன்னா கண்ண நம்பக்கூடாது, எண்ணித்தான் குதிக்கணும். மத்தியானம் கயிறு தாண்டல்ல 30கூட எட்டாம வரிசையா தோத்த பயலுவ எல்லாம் கை சரியில்லன்னு நெனச்சிட்டு வீட்டுக்குப் போயிருக்கானுவ. ரிமோட்ல ரெண்டு பட்டன் அமுக்கியிருந்தா தீந்தது. அது ஏமாத்து இல்லியாக்கும்?

சரி, சவத்த விடுங்க. நிலா போனா போகட்டும். எனக்கு வெப்ராளமே வேற.

அது ரெண்டுபேர் வெளையாட்டு. பிளஸ் அமுக்கி ரெண்டு பேர்னு தேர்ந்தெடுத்தா ஆளுக்கொரு ஜாய்-கான், அதாவது கன்சோல்லேருந்து கழத்துற சின்னக் கைப்பிடி, சரிச்சுப் பிடிச்சுக்கலாம். ஒருத்தருக்கு மரியோ, இன்னொருத்தருக்கு அந்தத் தொப்பி, கேப்பி. தொப்பிக்கு அடியும் கிடையாது, சாவும் கிடையாது. பறந்து பறந்து காசு பொறுக்கலாம், எதிரிய அடிக்கலாம். பழக்கமில்லாதவங்களையும் கூட உக்கார வைக்கணும்னே செஞ்சது. குட்டி பக்கத்துல உக்காந்து தொப்பிய ஓட்டினது அவளுக்க பாட்டி. மணல் ராஜ்ஜியத்துல மினுங்கிக்கிட்டுச் சுத்திச் சுத்தி ஒரு பறவை பறக்கும், தொப்பியால அடிச்சா நிலா விழும். குட்டி அஞ்சு தடவ எறிஞ்சு அஞ்சும் தவறிப் போச்சு. பாட்டி கண்ணாடிய நெத்திக்கு ஏத்திவிட்டு, முந்தானைய இடுப்புல சொருகிட்டு, "நில்லு மக்களே, நான் பாக்கேன்"ன்னு, கொல்லையில கோழி விரட்டுறாப்ல அந்தப் பறவையத் துரத்தினாங்க பாருங்க! அடிச்சாங்க. கூடமே கைதட்டிச்சு. அண்ணன், நீங்களும்தான் தட்டினீங்க.

அதுக்கு அரை மணிக்கூர் கழிச்சுதான் மைக்ல, "பாட்டிமாருக்கெல்லாம் எதுக்கு கேமு, ஜெபமாலைய உருட்டட்டும்"ன்னு ஒரு ஜோக்கு. எல்லாரும் சிரிச்சாச்சு. ஜோக்குதானே, ஏன் பெருசு பண்ணுதன்னு இப்ப கேக்கீங்க. ஏழு வயசுப் பிள்ளைக்கு எது ஜோக்கு, எது தீர்ப்புன்னு பிரிக்கத் தெரியுமா? அந்த ஜோக்கச் சொன்னவருக்கே தெரியுமான்னுதான் எனக்குச் சந்தேகம்.

நேத்து அவளுக்க அம்மா ஃபோன் பண்ணினாங்க. குட்டி வீட்டுக்குப் போன உடனே அசிஸ்ட் மோட அணைச்சிட்டாளாம். அது பரவாயில்ல, பத்து காசு பத்து காசாப் போனாலும் பழகிக்குவா. ரெண்டாவது ஜாய்-கானையும் கழத்தி அலமாரியில வச்சிட்டாளாம். பாட்டி வந்து பக்கத்துல உக்காந்ததுக்கு, "நீ வேண்டாம் பாட்டி, ஏமாத்துன்னு சொல்லுவாவ"ன்னு சொல்லியிருக்கா.

பாட்டி ஒண்ணும் சொல்லலியாம். ராத்திரி அந்த ஜாய்-கான எடுத்து, சார்ஜ் எறங்கிடும்னு, கன்சோல்ல மாட்டி வச்சிட்டுப் படுத்தாங்களாம்.