ஓட்டித் தள்ளிவிட்டுப் பார்த்தால் பயம் எங்கிருந்து வரும்?

கும்பகோணத்துத் திரையிடல் பற்றிய அந்தப் பதிவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "கல்லூரிக் கொலைப் படம் என்று ஒன்றைப் போட்டோம், பசங்க விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஒருத்தருக்கும் பயம் வரவில்லை, இந்த வகையே வெத்து" என்று தீர்ப்பு. கீழே வரிசையாகக் கைதட்டல்.

சார், நீங்கள் அந்தப் படத்தைப் போடவே இல்லை. ஜன்னலுக்குத் திரை இல்லாத ஹால். மத்தியான வெயில். பக்கத்து வகுப்புக்கு இடைஞ்சல் என்று ஸ்பீக்கரைக் குறைத்தாயிற்று. நடுவில் டீ, வடை. எல்லாவற்றுக்கும் மேலே, "போரடிக்கிற இடங்களை மட்டும் ஓட்டிவிட்டோம்" என்று நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் போரடிக்கிற இடங்கள்தான் சார் படம்.

1974இல் பாப் கிளார்க் கனடாவில் எடுத்த 'பிளாக் கிறிஸ்துமஸ்' அது. கல்லூரிப் பெண்கள் தங்கியிருக்கும் ஒரு வீடு, கிறிஸ்துமஸ் விடுமுறை, பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ரத்தம் என்று பார்த்தால் நம்மூர் தீபாவளிப் படத்தின் முதல் சண்டையில் பாதிகூடத் தேறாது. முதலில் சாகும் பெண் பிளாஸ்டிக் உறையில் மூச்சுத் திணறித்தான் சாகிறாள். கொலைகாரன் அவளைக் கொண்டுபோய்ப் பரணில் ஆடும் நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறான். மறுநாள் அவளுடைய அப்பா அழைத்துப்போக வருகிறார். பெண்ணைக் காணோமே என்று தேடுகிறார். மேலே அவள் இருக்கிறாள் என்று நமக்குத் தெரியும், கீழே ஒருவருக்கும் தெரியாது. படம் முடிகிற வரைக்கும் தெரியாது! அந்த அப்பா வருகிற காட்சிகளைத்தான் நீங்கள் ரிமோட்டால் தள்ளிவிட்டீர்கள். "சும்மா பேசிக்கிட்டே இருக்காங்க" என்று.

வெட்டு விழுவதற்கு முன்னால் உள்ள இடைவெளியில்தான் இந்த வகைப் படம் நடக்கிறது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன். அந்தப் படத்தில் கொலைகாரன் அந்த வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறான், அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று போலீஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தேடும் காட்சி இருக்கிறது. அடுக்கடுக்கான சுவிட்சுகளுக்கு நடுவே ஊழியர் ஓடி ஓடிப் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் வீட்டில் போனை எடுத்த பெண் அதை வைக்கக்கூடாது. வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டு எக்ஸ்சேஞ்சில் காத்துக் கிடந்த தலைமுறை இந்த ஊரில் இன்னும் இருக்கிறது. அவர்களுக்குப் புரியாததா? நீங்கள் அதையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினீர்களாம்.

ஒலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இசையமைத்த கார்ல் ஜிட்டரர் பியானோக் கம்பிகளில் முள்கரண்டி, சீப்பு, கத்தி எல்லாம் கட்டிவைத்து அந்த நெளிசலான சத்தத்தைக் கொண்டுவந்தார். பரணில் கிறீச்சிடும் மரம், தூரத்தில் கரோல் பாடும் குழந்தைகள், போனில் ஒரே ஆள் நாலு குரலில் பிதற்றுவது, இவையெல்லாம் மெல்லிய சத்தங்கள். ஸ்பீக்கரைக் குறைத்தால் முதலில் செத்துப்போவது இவைதான். அப்புறம் திடீரென்று மணி அடித்தாலும் யாரும் துள்ளமாட்டார்கள். நிசப்தத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள தூரம் குறைந்தால் துள்ளலும் குறையும்.

பசங்க சிரித்தார்கள் என்கிறீர்கள். எப்போது சிரித்தார்கள்? பயம் காட்டும் இடத்துக்கு முன்னால் சிரித்தால் படம் தோற்றது என்று அர்த்தம். துள்ளி விழுந்த அடுத்த நொடியில் பக்கத்தில் இருப்பவனைத் தட்டிக்கொண்டு சிரித்தால் படம் ஜெயித்தது என்று அர்த்தம். அடக்கிவைத்த மூச்சு அப்படித்தான் வெளியே வரும். இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் ஒரு வகைக்கே ஈமக்கிரியை செய்துவிட்டீர்கள்.

"வெளிநாட்டு ஹாஸ்டல் கதை, நம்ம மண்ணுக்கு ஒட்டாது" என்று ஒருவர் கமெண்ட். ஏன் ஒட்டாது? வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்குப் படிக்க வந்த பெண் பொங்கல் லீவுக்குக் கிளம்புகிறாள். ஹாஸ்டல் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டாள், அங்கே அவள் ஊருக்குப் போனவள். வீட்டில் நாளைக்குத்தான் வருவாள் என்று நினைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு ராத்திரி அவள் யார் கணக்கிலும் இல்லை. இந்தப் படங்கள் திரும்பத் திரும்பக் கல்லூரிக்குப் போவது அந்த ஒரு ராத்திரிக்காகத்தான். கார்த்திகை மழையில் கரண்ட் போன ஹாஸ்டல் வராந்தாவைவிட வேறென்ன வேண்டும்?

தமிழில் 2003இலேயே 'விசில்' வந்துவிட்டது. கல்லூரிதான் களம். "அழகிய அசுரா" பாட்டு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. கொலை செய்தது யார் என்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது, சொல்லுங்கள்? பயம் ஏறிக்கொண்டிருக்கும்போது பாட்டும் காமெடியும் வந்து உட்கார்ந்தால் ஏறியது இறங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். இண்டர்வலும் அப்படியே. போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு கொலை முடிந்து, பார்வையாளர் மூச்சு விட்ட பிறகு போடுங்கள். கதவுக்கு வெளியே காலடி கேட்கும்போது லைட்டைப் போடாதீர்கள்.

குறும்படம் எடுக்கும் நம்ம பக்கத்துப் பிள்ளைகளும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள், முழு உழைப்பும் ரத்தத்துக்குப் போய்விடுகிறது. அதையாவது ஒழுங்காகச் செய்கிறார்களா என்றால் குங்குமத் தண்ணீர் கேமராவில் ரோஸ் கலராக நிற்கிறது, தக்காளி சாஸ் கட்டி கட்டியாக வழிகிறது. கெட்டியான சர்க்கரைப் பாகு ஒரு டம்ளர், சிவப்பு ஃபுட் கலர் அரை ஸ்பூன், கோகோ பவுடர் ஒரு ஸ்பூன், நீல ஃபுட் கலர் ஒரே ஒரு சொட்டு. வெறும் சிவப்பு ஆரஞ்சாகத் தெரியும், அதை இருட்டாக்கத்தான் கோகோவும் நீலமும். ஒரே மாதிரிச் சட்டை குறைந்தது மூன்று வேண்டும், கறை போகாது. எறும்பு வரும், பாயை விரித்துவிட்டு எடுங்கள். ஹிட்ச்காக் 1960இல் 'சைக்கோ'வுக்குச் சாக்லேட் சிரப்பைத்தான் ஊற்றினார், கறுப்பு வெள்ளையில் அது போதும். கத்திச் சத்தத்துக்கு ஒரு வகை முலாம்பழத்தைக் குத்தினார்கள். நமக்கு வெண்பூசணி இருக்கிறது. ஆனால் இவ்வளவும் செய்து, சாகப்போகிற ஐந்து பேரில் யார் யார் என்று முதல் கால் மணி நேரத்தில் அடையாளம் தெரியவில்லை என்றால் பாகும் வீண், பூசணியும் வீண்.

அடுத்து, "பெண்களைக் கொல்வதை ரசிக்கிற படங்கள்." இதைச் சொன்னவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எண்பதுகளில் வந்த குவியலில் பாதிக்கு மேல் அந்தத் திட்டு தகும். ஆனால் அமெரிக்கப் பேராசிரியை கரோல் குளோவர் இந்த வகைப் படங்களைப் பற்றி 1987லேயே எழுதிவிட்டார்: கொலைகாரன் கண்ணில் தொடங்கும் கேமரா, கடைசியில் தப்பிக்கிற பெண்ணின் பக்கம் வந்து சேர்கிறது. இதே வகைப் படமான 'ஸ்க்ரீம் 2'இல் மோதி நின்ற போலீஸ் கார். பின்கதவு திறக்காது. முன்சீட்டில் மயங்கிக் கிடக்கும் கொலைகாரன் மேலே ஏறித்தான் பின்சீட்டில் மாட்டிக்கொண்ட இரண்டு பெண்களும் வெளியே வர வேண்டும். கத்தி இல்லை, வெட்டு இல்லை. யார் பக்கம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம்?

"பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்கிற ஆளுக்குப் பதிலே கிடையாது. அருவாளோடு நாற்பது பேரைச் சாய்க்கும் ஹீரோவுக்குக் கைக்குழந்தையோடு போய் விசில் அடிக்கிற ஊர் இது.

உண்மையில் எரிச்சல் இது எதுவும் இல்லை. தஞ்சாவூர் ஜில்லா என்றால் கச்சேரி, நாட்டியம், சிற்பம், அதற்குத்தான் ரசனை என்று பேர். திகில் படம் பார்க்கிறவன் ரசனை கெட்டவன். "ரத்தக் காட்டேரி" என்றே ஒருவர் எழுதினார், அதற்கு நீங்கள் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். பார்த்தேன். சரி, மெலட்டூருக்கு வாருங்கள். நரசிம்ம ஜெயந்திக்கு பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் பிரகலாத சரித்திரம். விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். தூணில் என்ன இருக்கிறது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும், இரணியனுக்கு மட்டும் தெரியாது. அந்த முகமூடி வெளியே வரும்போது கூட்டத்துக்கு உடம்பு சிலிர்க்கிறதே, அது ராத்திரி முழுக்கக் காத்திருந்ததால் சிலிர்ப்பது. அங்கே போய் "போரடிக்கிற பாட்டையெல்லாம் விட்டுட்டு நேரா தூணுக்கு வாங்க" என்று சொல்லிப் பாருங்களேன்.

உடனே "சாமியையும் கொலைகாரனையும் ஒண்ணா வைக்கிறான்" என்று கிளம்பாதீர்கள். வைக்கவில்லை. காத்திருக்கத் தெரிந்த ஊர் இது என்கிறேன். "இந்த வகை எடுபடாது" என்று இந்த ஊரின் பேரில் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. 2017இல் 'ஹேப்பி டெத் டே' 50 லட்சம் டாலருக்குள் எடுத்து 12 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, அதுவும் கல்லூரிதான், அதிலும் ரத்தம் கம்மிதான்.

மறுபடி போடுவதாக இருந்தால் ராத்திரி ஏழு மணிக்கு மேல் வையுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, கதவிடுக்குக்கும் சேர்த்து. படத்தின் மிக மெதுவான வசனம் கடைசி வரிசைக்குக் கேட்கிற அளவில் ஒலியை வைத்துவிட்டு அப்புறம் தொடாதீர்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்து ஃபேன்களை மட்டுமாவது நிறுத்துங்கள், அந்த இரைச்சல் பரண் சத்தத்தை விழுங்கிவிடும். ரிமோட்டை வாங்கிப் பீரோவில் பூட்டுங்கள். கடைசியில் பெயர்கள் ஓடும்போதும் அந்தப் போன் அடித்துக்கொண்டே இருக்கும், படம் அதுவரைக்கும் உண்டு. நன்றியுரைக்காரரிடம் மைக்கை அதற்கப்புறம் கொடுத்தால் போதும்.