மேலே பாலம், கீழே மெட்ரோ, நடுவில் நாம்

சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலை. மதிப்பீடு 621 கோடி ரூபாய். 2024-ல் வேலை தொடங்கியது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான் எனக்கு வரும். இதே சாலைக்கு அடியில்தானே மெட்ரோ ஓடுகிறது?

தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை மூன்றிலும் சுரங்க நிலையங்கள் 2018 மே மாதமே திறந்தாயிற்று. காரையும் பைக்கையும் வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் வாருங்கள் என்று சொல்லித்தான் அவ்வளவு பணம் கொட்டித் தோண்டினார்கள். இப்போது அதே இடத்தில் காரோட்டிகள் சிக்னலில் நிற்காமல் போக மேலே இன்னொரு சாலை. எந்தக் கணக்கில் இது சரி?

இரண்டுக்கும் நடுவே, தரையில், பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற கூட்டம் இருக்கிறது. பாலத்தின் மேலே பஸ் ஸ்டாப் கிடையாது. நந்தனத்தில் இறங்க வேண்டியவருக்கு அந்தப் பாலத்தால் என்ன பயன்?

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அந்தப் பக்கம் ஒரு அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்கிறார். முன்பு கூவம் கரையில் வீடு, நடந்தே வேலைக்குப் போய்விடுவார். குடிசைகளை அகற்றி, நகரின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு விடியுமுன் கிளம்ப வேண்டியிருக்கிறது. "ப்ரீ பஸ்ஸு இருக்குதுதான் தம்பி, அது வரணுமே" என்றார். வராத அன்று ஷேர் ஆட்டோ. அரை மணி லேட்டானால் சம்பளத்தில் பிடித்தம்.

2021 மே மாதம் வந்த மகளிர் இலவசப் பயணத்தை நான் மனதாரப் பாராட்டியவன். இன்றும் பாராட்டுகிறேன். கணவனிடம் கை நீட்டாமல் வெளியே போய்வர முடிந்தது எத்தனையோ பெண்களுக்கு அதற்குப் பிறகுதான். ஆனால் டிக்கெட்டை இலவசமாக்கினால் மட்டும் போதுமா? ஏறுவதற்கு வண்டி வேண்டாமா?

சென்னையில் மாநகரப் பேருந்துகள் மூவாயிரத்துச் சொச்சம். நாளுக்கு 30 லட்சம் பேருக்கு மேல் அவற்றில்தான் போகிறார்கள். மெட்ரோவில் சுமார் 3 லட்சம் பேர். பத்தில் ஒரு பங்கு. அந்த மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய், 118.9 கிலோமீட்டர். நான் மெட்ரோவுக்கு எதிரி இல்லை. அந்தத் தடங்களில் ஒன்று பெரும்பாக்கம் வழியாகவும் போகிறது, வரட்டும், சந்தோஷம். ஆனால் மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணமே 10 ரூபாய், மகளிருக்கு இலவசமும் கிடையாது. அந்த அக்காவுக்கு அன்றும் பஸ்தான்.

பாலத்துக்கு வருகிறேன். ஒரு தாழ்தளப் பேருந்து ஒரு கோடி ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 621 கோடிக்கு 621 பஸ். இப்போது ஓடுவதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு! வாங்கி நிறுத்தினால் போதுமா, டிரைவர், கண்டக்டர், டீசல், பணிமனை எல்லாம் யார் கொடுப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சரி, 400 பஸ் வாங்கி மீதியை ஓட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் அரசு போடும் பணத்துக்கு மட்டும் "நஷ்டம்" என்று பெயர். பாலத்தில் போடும் பணத்தை யாரும் நஷ்டம் என்று எழுதுவதில்லை. பாலம் ஒரு ரூபாய் டிக்கெட்டாவது கொடுக்குமா?

"வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதுதான் நோக்கம்" என்ற கருத்தை 2006-ஆம் ஆண்டு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அண்ணா சாலையில் பஸ்ஸுக்கென்று ஒரு தடத்தை ஒதுக்கிப் பெயின்ட் அடிக்க எத்தனை கோடி ஆகிவிடும்? கார்களுக்கு ஒரு தடம் குறையும் என்ற பயம்தான் தடை. அறுபது பேர் நிற்கும் பஸ், ஒருவர் உட்கார்ந்திருக்கும் காருக்குப் பின்னால் ஏன் நிற்க வேண்டும்?

அண்ணா சாலை வழியாக தினமும் பஸ்ஸில் போகிறவர்கள், காலையில் எந்த ஸ்டாப்பில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். தொகுத்து, எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் மனுவாகக் கொடுக்கப் போகிறேன். அந்த அக்காவின் நேரத்தை முதலில் எழுதிவிட்டேன்.