தொளதொளப்புக்குக் காரணம் தோள் தையல்
வசதியான பருத்தி உடை விற்கும் பிராண்டுகள் எல்லாமே பெண்களைப் பத்து வயது கூட்டிக் காட்டுகின்றன என்று, பெண்களின் உடை பற்றி இணையத்தில் படித்த ஒரு கட்டுரையில் வரும் வரியை என்னால் ஏற்க முடியவில்லை. குறை தளர்வில் இல்லை, தோளில் இருக்கிறது. போன வருஷம் ஒரு கடையில் எக்ஸ்எல் அளவில் நீலக் குர்தா வாங்கினேன். போட்டுப் பார்த்தால் தோள் தையல் இரண்டு அங்குலம் இறங்கிக் கைமேல் கிடந்தது, கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்தது. யாரிடமோ இரவல் வாங்கியது மாதிரி இருந்தது. தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்தேன். உடம்புப் பகுதியைத் தொடாமல் தோளை மட்டும் உள்ளே பிடித்துத் தந்தார். அதே தளர்வு, அதே துணி, ஆனால் அலுவலகத்தில் இரண்டு பேர் புதிதா என்று கேட்டார்கள். இடுப்பு பெருத்த அளவுக்குத் தோள் எலும்பு அகலமாவதில்லையே! பெரிய அளவு என்றாலே எல்லாப் பக்கமும் சேர்த்து அகலமாக்கி வெட்டுகிறார்கள், அப்புறம் பழி தளர்வான உடைமேல் விழுகிறது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், அழகு வேண்டுமென்றால் கொஞ்சம் அவதிப்படத்தான் வேண்டும் என்று எழுதியிருக்கிறார். ஆனால் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் 1913இல் பிரான்சின் தோவீல் கடற்கரை ஊரில் கடை திறந்து, அதுவரை பெரும்பாலும் ஆண்களின் உள்ளாடைக்குப் பயன்பட்ட ஜெர்சி என்ற நெகிழும் பின்னல் துணியில் பெண்களுக்குத் தளர்வான உடைகள் தைத்தார். அவற்றைப் பணக்காரப் பெண்களே விரும்பி வாங்கினார்கள். மே மாத வெயிலில் பஸ்ஸில் நின்று போகிறவர்களுக்கு இறுக்கமான லெக்கிங்ஸைப் பரிந்துரைப்பதற்குப் பதில், அளவு அட்டவணையில் மார்பு, இடுப்போடு தோள் அகலத்தையும் எல்லா பிராண்டுகளும் போடட்டும்.